முழுக மறுத்த படகு

பழைய படகை உப்பங்கழியில் கொண்டுபோய்க் கைவிடும்போது அடைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். படகின் பின்பக்கம், அடியில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அதில் செருகியிருக்கும் மரக்கட்டைதான் அடைப்பு. பிடுங்கிவிட்டால் அடுத்த கடலேற்றத்தில் தண்ணீர் புகுந்து படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். இல்லாவிட்டால் கயிறு அறுந்து மிதந்துபோய் அடுத்தவன் படகை இடிக்கும், அவன் நம் வாசலில் வந்து நின்று கத்துவான். நான் பிடுங்கினேன். யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன்.

அந்தப் படகிலிருந்துதான் என் அண்ணன் கடலில் விழுந்தான். போன மழைக்காலம். அவன் வலை இழுத்துக்கொண்டிருந்தான். நான் எஞ்சினைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன், ஆளைக் காணோம். உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அதில் ஏறவே எனக்குக் கால் கூசியது. ஃபைபர் படகு ஒன்று வாங்கினேன். அண்ணி அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது அவருக்கு எப்படி அடையாளம் தெரியும்? திரும்பி வந்தா எந்தப் படகைத் தேடுவாரு?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அண்ணிக்கு இறால் உரிக்கும் கூடத்தில் வேலை. ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல்களெல்லாம் புண். நகரத்தில் இருக்கும் அவள் தங்கை தையல் வேலையும் தங்க ஓர் அறையும் பார்த்துவைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவளோ அசைந்து கொடுக்கவில்லை. நானும் விடாமல் நச்சரித்தேன். கடைசியில், "அந்தப் படகு முழுகட்டும். அவரு இனி வரமாட்டாருன்னு எடுத்துக்கறேன், கெளம்பறேன்" என்றாள். அதனால்தான் அவசர அவசரமாக அதைக் கழியில் விட்டேன்.

எங்கள் மெக்கானிக்குக்கு 'நாளைக்கு' என்று பட்டப்பெயர். எந்த வேலையைக் கொடுத்தாலும் அவன் வாயில் வருவது அதுதான். அவன்தான் வந்து சொன்னான்.

"என்னப்பா, அடைப்பைப் புடுங்க மறந்துட்டியா? உன் படகு வாத்து மாதிரி மிதக்குது."

"என்னையும் உன்னை மாதிரி நெனச்சியா? புடுங்கியாச்சு."

"அப்ப நீயே போய்ப் பாரு. உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

போனேன். நல்ல வெயில், ஏற்ற நேரம். கைவிட்ட படகுகளெல்லாம் முழுகி, விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது. ஒவ்வொன்றின் மேலும் பறவைகள். எங்கள் படகின் மேல் ஒன்றுகூட இல்லை. அது கயிறு விறைக்க மிதந்துகொண்டிருந்தது. ஏறினேன். உள்ளே பலகை காய்ந்து சுட்டது. ஓட்டை திறந்தேதான் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் நடுங்கிக்கொண்டு நின்றது, உள்ளே வரவில்லை.

குனிந்து கையை நீட்டினேன். ஓட்டைக்கு முன்னாலேயே கை எதன் மீதோ இடித்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தடவினேன். தோல். ஜில்லென்று, ஈரமாக, வெடிப்பு வெடிப்பாக. குதிகால். அதற்கு மேலே தடவ எனக்குத் துணிச்சல் இல்லை.

நடுக்கடலில் அடைப்பு கழன்றுவிட்டால் நாங்கள் செய்வது ஒன்றுதான். ஒருவன் குதிகாலை ஓட்டையில் அழுத்தி வைத்துக்கொண்டு, கரை சேரும்வரை எடுக்காமல் உட்கார்ந்திருப்பான். படகு ஆபத்தில் இருக்கிறது என்று அண்ணன் நினைத்துவிட்டான், பாவி. நாங்கள் உள்ளே இருக்கிறோம் என்றுகூட நினைத்திருப்பான்.

"அண்ணே, காலை எடு. நான்தான் புடுங்கினேன்."

கால் அசையவில்லை. உயிரோடு இருந்தபோதே என் பேச்சைக் கேட்காதவன்.

பயத்தில் விழுந்தடித்து ஓடினேன். அண்ணியிடம் மறைக்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் என்னைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. சோப்புப் போட்டு இறால் வாடை போகக் கையைக் கழுவிக்கொண்டு என்னோடு வந்தாள்.

படகில் ஏறி, ஓட்டைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையால் துழாவினாள். கை நின்றது. வெறும் காற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் தேய்த்தாள்.

"எப்படி வெடிச்சிருக்கு பாரு. மருந்து போடுங்கன்னா காதுல வாங்கினாத்தானே."

அவள் பக்கத்தில் நான் இருப்பதையே மறந்து திட்டிக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் இருந்தாள். பிறகு குரல் இறங்கியது.

"ஏங்க, போதும். காலை எடுங்க. நான் தங்கச்சி வீட்டுக்குப் போகணும்."

ஒன்றும் நடக்கவில்லை.

"எவ்வளவு நேரந்தான் அழுத்திக்கிட்டே இருப்பீங்க? வலிக்காதா?"

அவளுடைய இரண்டு கைகளும் சட்டென்று ஒன்றோடொன்று சேர்ந்தன. நடுவில் எதுவும் இல்லை. ஓட்டை வழியே தண்ணீர் விரல் தடிமனில் பீய்ச்சியடித்து அவள் மடியை நனைத்தது. நான் அவளைத் தூக்காத குறையாக இறக்கினேன்.

படகு சேற்றில் உட்காரும்வரை கரையிலேயே நின்றோம். ஒரு பறவை வந்து அதன் விளிம்பில் உட்கார்ந்தது. அண்ணி புடவையைப் பிழிந்தாள்.

"நம்மளைக் கரை சேத்தாச்சுன்னு நெனச்சுத்தான் காலை எடுத்திருப்பாரு, இல்ல?"

"ஆமா அண்ணி" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு முன்னால் நடந்தாள். நான் கழியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனை அங்கே தனியாக விட்டுவிட்டுத்தான் போகிறோம் என்று எனக்குத் தெரியும்.