சுவருக்கு மேல் தெரிந்த கயிறு

குளியலறைக் குழாயைத் திருகத் திருமலையால் முடியவில்லை. வலது கையால் முயன்றான், இடது கைக்கு மாற்றினான், பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினான். ரேவதி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வந்து குழாயைத் திறந்துவிட்டு, அடுப்பில் வைத்த பாலைக் கவனிக்கப் போனாள். இந்த மனிதரிடம் வலிக்கிறதா என்று கேட்டால் “வலியா, எனக்கா?” என்றுதான் பதில் வரும். கல்யாணமான புதிதிலேயே அதை அவள் தெரிந்துகொண்டுவிட்டாள்.

போன முறை போலீஸ் தேர்வில் எழுத்து, ஓட்டம் எல்லாம் தாண்டி, கயிறு ஏறும் இடத்தில் பாதியில் கை வழுக்கி, உள்ளங்கைத் தோலைக் கயிற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். இந்த முறையும் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தான். இதை விட்டால் வயது தாண்டிவிடும். அப்புறம் ஓசூர் சிப்காட்டில் இப்போது வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியின் காண்ட்ராக்ட் சட்டைதான் கதி. நிரந்தர ஆட்களுக்கு நீலம், காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல். கேன்டீன் வரிசையில் நிற்கும்போதே யார் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். சொந்த ஊரான கல்லாவியில் அவன் அம்மா “பையன் பெரிய கம்பெனியில இருக்கான்” என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். சட்டையின் நிறத்தைப் பற்றி அவளிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் குடியிருந்த தெருவுக்குப் பின்னால், விற்காத மனைகளுக்கு நடுவே, பாதியில் கைவிட்ட தண்ணீர்த் தொட்டி ஒன்று நின்றது. தொட்டி என்பது பேச்சுக்குத்தான், தூண்களும் உத்தரமும் மட்டுமே இருந்தன. அந்த உத்தரத்தில் கயிறு கட்டி, உச்சியில் ஒரு சிவப்புத் துணியை முடிந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சில பேர் ஏறிப் பழகினார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. செல்போன் வீடியோக்கள் இருந்தன, சிவராஜின் தொண்டை இருந்தது. திருமலையோடு வேலை பார்க்கும் சிவராஜ் ஓசூரிலேயே பிறந்தவன், அவன் வாயில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றாகப் புரளும். யாராக இருந்தாலும் அவனுக்கு ‘குரு’தான். கயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டு, “வுடாத குரு! இழு, இழு!” என்று கத்துவான். ஏறுகிறவன் அந்தக் கத்தலுக்கு ஒரு உதறு உதறி மேலே போவான். உதற உதற முழங்கைதான் போகும்.

ரேவதி விழுப்புரம் பக்கத்துப் பெண். பள்ளியில் மல்லர் கம்பம் பழகியவள். தொங்கும் கயிற்றில் காலைப் பின்னி, தலைகீழாக நின்று, மாநிலப் போட்டி வரைக்கும் போனவள். பத்தாம் வகுப்போடு போதும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஞாயிறு, “நானும் வரேங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். திருமலைக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் குழாய் விஷயத்தைத் தெரிந்துவைத்திருப்பவளிடம் என்ன சொல்வது?

“அக்கா கயிறு ஏறுவாங்களாமே, ஏறிக் காட்டுங்கக்கா!” என்றான் சிவராஜ். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். ஒரு பிடி ஏறினாள். அடுத்த பிடியில் உடம்பு மூட்டையாகக் கனத்தது. அப்படியே இறங்கிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். திருமலை சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

“எதுக்கு வந்த நீ? என் மானத்த வாங்கவா?” என்றான் வீட்டுக்கு வந்ததும்.

“எனக்கு ஏறத்தான் மறந்துபோச்சு. பாக்க மறக்கல” என்றாள் ரேவதி. “எடது கையால இழுக்கறப்ப மூச்ச அடக்கிக்கிறீங்க. அப்ப வலது காலு உதைக்குது. அந்த உதை அப்படியே முழங்கையில வந்து வுழுவுது. வேணும்னா சிவராஜ் எடுத்த வீடியோவப் போட்டுப் பாருங்க.”

அவன் பார்த்தான். திரும்பத் திரும்பப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அந்தக் கால் கட்டுத்தறிக் கன்றுக்குட்டிபோல உதைத்தது.

அதன்பிறகு அவள் அவனை ஏறவே விடவில்லை. முதலில் வெறுமனே தொங்கச் சொன்னாள், தோளைக் காதோடு ஒட்டவிடாமல். வலி அடங்கிய பிறகு, ஏணி வைத்து மேலே போய்க் கயிற்றைப் பிடித்து, பிடி பிடியாக, மூச்சு விட்டுக்கொண்டே மெதுவாக இறங்கச் சொன்னாள். “ஏங்க, அவசரப்படாதீங்க. ஏங்க, காலு!” என்று அவள் சொல்லும் ஒவ்வொரு ‘ஏங்க’வுக்கும் மற்றவர்கள் ‘என்னாங்க’ என்று கோரஸ் பாடினார்கள். “என்னா குரு, திருடன் கெணத்துக்குள்ளயா ஓடப்போறான்? எறங்கியே பழகுற!” என்றான் சிவராஜ். திருமலைக்குக் காது சிவந்தது. ஆனாலும் இறங்கினான். ஒருநாள் காலை, சமையலறையில் நின்ற ரேவதிக்குக் குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. குழாயை அவனே திறந்திருந்தான். அன்று தோசையில் நெய் கொஞ்சம் தாராளமாக விழுந்தது.

பிறகு ஏற விட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தேர்வுக்கு முந்தைய ஞாயிறு அவன் கயிற்றில் போனதைப் பார்த்து சிவராஜே அசந்துபோனான். உதறல் இல்லை, உதைப்பு இல்லை. துணிக்கு இன்னும் இரண்டே பிடி. “தொடு குரு, தொட்டுடு!” என்று எல்லோரும் கத்தினார்கள். அப்போதுதான் அந்த வலது கால் லேசாகத் துடித்ததை ரேவதி பார்த்தாள்.

“ஏங்க, எறங்குங்க.”

அவன் மேலிருந்து அவளைப் பார்த்தான். ஒரு நிமிஷம் எங்கே ஏறிவிடுவானோ என்றிருந்தது. பிறகு பிடி பிடியாக, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே இறங்கினான்.

“ரெண்டே பிடிடீ” என்றான். “ஒரு தடவயாச்சும் தொட்டுட்டு வந்திருப்பனே.”

“அந்த ரெண்டு பிடி உங்க முழங்கைய வாங்கியிருக்கும். அது தேர்வன்னைக்கு வேணும்.”

அன்று ராத்திரி அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ரேவதிக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. உச்சியைத் தொட்டே பார்க்காதவனைத் தேர்வுக்கு அனுப்புகிறோம். இவன் தோற்றால் ஆயுசுக்கும் அந்த இரண்டு பிடி வீட்டுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். கால் துடித்தது நிஜமா, பயத்தில் கண்டதா? அவளுக்கே சந்தேகம் வந்தது.

தேர்வன்று கிருஷ்ணகிரிக்கு சிவராஜும் கூட வந்தான். கேட்டுக்குள் போகும்போது திருமலை திரும்பி, “மூச்சு விடணும், அவ்ளோதான?” என்று கேட்டான். அவள் தலையாட்டினாள்.

மைதானத்துச் சுவர் உயரம். வெளியே நின்றவர்களுக்குக் கயிறு கட்டிய கம்பியும், கயிற்றின் மேல்பகுதியும், முடிந்திருந்த சிவப்புத் துணியும் மட்டுமே தெரிந்தன. கீழே யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாது. கயிறு சாட்டைபோலச் சுழன்று அடிக்கும். சில நேரம் ஒரு தலை தெரியும், ஒரு கை துணியைத் தட்டும். பல நேரம் ஒன்றும் தெரியாமலே கயிறு தொய்ந்துபோகும். பக்கத்தில் யாரோ ஒரு அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை கயிறு விறைத்தது. ஆனால் ஆடவில்லை.

“யாரும் ஏறலயே?” என்றான் சிவராஜ்.

“ஏறறாங்க” என்றாள் ரேவதி.

முடிச்சு மட்டும் சிறிது இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகியது. மூச்சு விடும் இடமெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. சிவராஜ் கத்துவதற்கு வாயைத் திறந்தான், அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். சுவருக்கு மேலே முதலில் இடது கை வந்தது, பிறகு வலது கை, பிறகு வெயிலில் நனைந்த திருமலையின் தலை. துணிக்கு இரண்டு பிடி இருக்கும்போது நின்றான். கால் சுவருக்குப் பின்னால் இருந்தது, அவளால் பார்க்க முடியவில்லை. இறங்குங்க என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

இடது கை ஒரு பிடி மேலே போனது. அங்கேயும் நின்றான், கயிறு ஆடவில்லை. மூச்சு விடுகிறான். காற்றில் அந்தச் சிவப்புத் துணி அவன் விரல்மேல் பட்டும் படாமலும் ஆடிக்கொண்டிருந்தது.