கறுப்பு வெள்ளைக் கத்தி

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஹெர்மினியா எருமைக் கொம்பை அறுக்கத் தொடங்கினாள். கொம்பு அறுபடும்போது முடி கருகுவது போல ஒரு நாற்றம் எழும். கதவைச் சாத்தினாலும் அது நிற்காது. பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸில் கத்தி அடிக்கும் எங்கள் தெருவில் யாரும் அதற்கு மூக்கைச் சுளிப்பதில்லை. ஆனால் டோமினடோரின் பட்டறையிலிருந்து அந்த நாற்றம் வந்து ஒன்பது வருடமாகியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கு வந்து நின்றார். பேசிக்கொண்டு போன பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

டோமினடோர் அவளுடைய அண்ணன். இரும்பை அவன் அடிப்பான், கைப்பிடியை அவள் கோப்பாள். இரண்டு கைப்பிடிகளும் சிறகு போல விரிந்து மடங்கும் கத்தியை எங்கள் தெருவில் எல்லோரும்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு சிறகைக் கறுப்புக் கொம்பிலும் மற்றதை வெள்ளை எலும்பிலும் செய்து ஜோடி சேர்த்தது ஹெர்மினியாவின் யோசனை. கொம்பும் எலும்பும் ஒரே எடையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் கத்தி சுழலும்போது கை தடுமாறும். அதற்காக அவள் அரத்தோடு உட்கார்ந்து விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டாள். முத்திரை மட்டும் அண்ணன் பெயரில் விழுந்தது. மணிலாவிலிருந்து வருகிறவர்கள்கூட "கறுப்பு வெள்ளை இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

பிறகு ஒரு திருவிழா மாலையில், சேவல் சண்டையில் தொடங்கிய வாய்த்தகராறில், குடித்திருந்த ஒருவன் மீன் விற்கும் பெனில்டாவின் மகன் அமான்சியோவைக் குத்திக் கொன்றுவிட்டான். போலீஸ்காரர் எடுத்துப்போன கத்தி கறுப்பு வெள்ளை என்பதைத் தெருவே பார்த்தது. மறுநாள் காலையில் டோமினடோர் மீதமிருந்த கறுப்பு வெள்ளைகளைப் பட்டடையில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்தான். ஹெர்மினியாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து பட்டறையில் வெட்டுக்கத்தியும் சமையல் கத்தியும், சுற்றுலா வருகிறவர்களுக்காக முனை மழுக்கிய பொம்மைக் கத்தியும்தான். ஊர் அவனை நல்லவன் என்றது. அந்தக் கத்தியை மறுபடியும் செய்வீர்களா என்று எங்கெங்கிருந்தோ கைப்பேசிக்கு வரும் செய்திகளுக்கெல்லாம் மாட்டோம் என்று பதில் எழுதுவது ஹெர்மினியாவின் வேலையானது. அவளும் எழுதிக்கொண்டுதான் இருந்தாள், போன வாரம் பஸ் நிலையத்துக்குப் போகும்வரை.

அங்கே தொப்பிகளும் சாவிக்கொத்துகளும் தொங்கும் ஒரு கடையில் கறுப்பு வெள்ளைக் கத்திகள் குவியலாகக் கிடந்தன. எங்கோ தொழிற்சாலையில் செய்தவை. கைப்பிடி பிளாஸ்டிக், ஆணி ஆடியது, தகட்டில் டோமினடோரின் முத்திரை மட்டும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. கூர்மைக்கும் குறைவில்லை. கடைக்காரன், "அசல் ஊர்ச் சரக்கு அக்கா, நம்பி வாங்கலாம்," என்றான். அவள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். அண்ணனிடம் காட்டவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை மடித்தும் விரித்தும் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவே இல்லை, நிறுத்தியது தாங்கள்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

டோமினடோர் பூசை உடையோடு நேராகப் பட்டறைக்குள் வந்தான்.

"என்ன பண்றே?"

"தெரியுதுல்ல."

"எடுத்து வெச்சுட்டு வீட்டுக்குப் போ."

அவள் பிளாஸ்டிக் கத்தியை அவன் முன்னால் போட்டாள். அவன் அதை எடுத்தான், முத்திரையைப் பார்த்தான், சூடுபட்டவன் போலக் கீழே வைத்தான்.

"இவனுங்க செய்யறாங்கன்னு நாமளும் செய்யணுமா? ஒரு உயிரு போயிருக்கு."

"போச்சுண்ணே. உன் சமையல் கத்தியால குத்தியிருந்தா போயிருக்காதா? சமையல் கத்திய ஏன் நிறுத்தல? அது விக்குதுன்னா?"

"வாய மூடு. பெனில்டா தினம் இந்த வழியாத்தான் மீன் கூடையத் தூக்கிட்டுப் போறா. அவ முன்னால இத செய்வியா? போய்க் கேளு. அவ சரின்னு சொல்லட்டும், நான் குறுக்க வரல."

அவள் அங்கே போகமாட்டாள் என்று அவன் நினைத்திருக்கவேண்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே போனாள்.

பெனில்டா கொல்லையில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஹெர்மினியா வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு அவளைப் பார்த்ததும் அறுந்துபோனது. விஷயத்தை மட்டும் சொன்னாள். பெனில்டா கடைசிவரை கேட்டாள். கை நிற்கவில்லை.

"உங்கண்ணன் அனுப்பினானா?"

"ஆமாக்கா."

"அவனுக்கு வேற வேலையில்ல. அத்தனை கத்தியையும் உடைச்சானே, அன்னைக்கு என் வீட்டு வாசலுக்கு ஒரு தடவ வந்தானா? ஊருக்குத் தெரியற மாதிரி சுத்தியல் சத்தம் போட்டான், அவ்வளவுதான். இப்ப உன்னை அனுப்பியிருக்கான்." மீனைத் திருப்பிப் போட்டாள். "நான் சரின்னு சொன்னா, பெத்தவளே சொல்லிட்டான்னு நீ நிம்மதியா செய்வ. வேணாம்னா, பெத்தவ தடுத்துட்டான்னு அவன் நிம்மதியா தூங்குவான். ரெண்டு பேருக்கும் நிம்மதி குடுக்கறதுக்கா எம்புள்ள செத்தான்?"

பெனில்டா அடுத்த மீனை எடுத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். செஞ்சா நீ செஞ்சது. செய்யலன்னா நீ செய்யல. எந்தலையில கொண்டுவந்து வெக்காத. போ, ஈ மொய்க்குது."

திரும்பி வரும்போது ஹெர்மினியாவுக்கு முகம் எரிந்தது. ஆனால் நடை தளரவில்லை. இத்தனை வருடமும் அண்ணன் சொன்னான் என்று செய்தாள், அண்ணன் சொன்னான் என்று விட்டாள். நல்லதோ கெட்டதோ, தன் பெயரில் என்று அவளுக்கு ஒன்றும் இருந்ததில்லை. பட்டறையில் டோமினடோர் காத்திருந்தான்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப வேணாம்னுதான் அர்த்தம்."

"அவ சொல்லாதத நீ சொல்லாதண்ணே."

"நான் அடிச்சுத் தரமாட்டேன். எம்பேரு அதுல விழாது."

"உம்பேரு யாருக்கு வேணும்? பஸ் நிலையத்துல கூறுகட்டி விக்கிறான்."

அவன் வெளியே போய் வாசல் பலகையில் உட்கார்ந்துகொண்டான். அவள் தெருப்பக்கக் கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்தாள். பழைய ஜீப்பு வில்பட்டைத் துண்டு ஒன்றை உலையில் செருகினாள். அடிப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. முதல் தகடு கோணிக்கொண்டது, இரண்டாவது தண்ணீரில் தோய்த்ததும் விரிசல் விட்டது. எதிர்வீட்டுக்காரர், "மினியா, அது கத்தியா இல்ல வாழைப்பழமா?" என்றார். "உன் பல்லு போன வாய்க்கு வாழைப்பழந்தானே சரி," என்றாள், நிமிராமல். சிரிப்புச் சத்தம் தெருக்கோடி வரை போனது. டோமினடோர் மட்டும் சிரிக்கவில்லை. சுத்தியல் தவறி விழும்போதெல்லாம் அவன் தோள் தன்னை அறியாமல் அசைந்தது. ஆனால் எழுந்து வரவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் அடித்தாள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது, துணி சுற்றிக்கொண்டாள். ஒருவழியாகத் தகடு நேராக வந்தபோது அதில் உளியால் எழுத்து எழுத்தாக வெட்டினாள். ஹெர்மினியா. முத்திரை போல அழகாக இல்லை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. கொம்பையும் எலும்பையும் கோத்து, ஆணியைத் தட்டி முடித்து, வாசல் வெளிச்சத்துக்கு வந்து வீசிப் பார்த்தாள். இரண்டு சிறகும் சத்தத்தோடு விரிந்து அவள் பிடிக்குள் வந்து சேர்ந்தன.

பெனில்டா சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் காலிக் கூடை. டோமினடோர் பலகையிலிருந்து எழுந்து, "மறைச்சு வெய்யி," என்றான், அடங்கிய குரலில். ஹெர்மினியா நகரவில்லை. கத்தி விரிந்தபடியே கையில் இருந்தது.

பெனில்டா அவள் முன்னால் வந்து நின்று கூடையை இறக்கினாள். கையை நீட்டினாள். ஹெர்மினியா கைப்பிடியை அவள் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

பெனில்டா அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் எடை பார்ப்பது போலத் தாங்கினாள். பிறகு கட்டைவிரலைத் தகட்டின் மேல் வைத்து, வெட்டியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். அவள் விரல் போன வழியெல்லாம் மீன் செதில்கள் இரும்பில் ஒட்டிக்கொண்டு, வெயிலில் மினுங்கின.