ஜீக்கும் சீக்கும் நடுவே இரண்டு படி

மேர்சிக்குக் காசநோய் கண்டது 1966ஆம் ஆண்டில், அவளுக்கு முப்பத்தொரு வயதாக இருந்தபோது. மட்டக்களப்பு டவுன் ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்தாள். நாள்தோறும் ஊசி. "இந்த மருந்து சில பேருக்குக் காதைத் தாக்கும், ஆனா நெஞ்சைக் காப்பாத்த வேற வழி இல்ல" என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். "போடுங்க டாக்டர்" என்றாள் மேர்சி. நெஞ்சு பிழைத்தது. காது போயிற்று.

முழுதாகப் போகவில்லை. தன் ஊரான கல்லாற்றுக்குத் திரும்பியபோது பஸ்ஸின் உறுமல் கேட்டது. கடலின் இரைச்சல் கேட்டது. புருஷன் ஜெயராஜாவின் கட்டைக்குரல் கேட்டது. சைக்கிள் மணி கேட்கவில்லை. அவள் இரண்டாம் வகுப்பு ரீச்சர். பிள்ளைகள் வாயசைப்பது தெரிந்தது, சொல் தெரியவில்லை. கிட்டப் போய்க் குனிந்து, உதட்டைப் பார்த்துப் பாடம் கேட்டாள்.

நோய்க்கு முன் மெதடிஸ்த ஆலயப் பாடகர் குழுவில் அவளுடையதுதான் முதல் குரல். வீட்டு ஜெபக்கூட்டங்களில் அவள் பாட, ஜெயராஜா கிற்றார் வாசிப்பான். அவனுக்குத் தெரிந்தது ஜீ, சீ என்று நான்கே கோர்ட். விரல்களால் தந்திகளைச் சேர்த்து அழுத்தி, ஒரே வீச்சில் எல்லாவற்றையும் தட்டுவான். அவள் குரலுக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நடந்த முதல் ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் கேட்டுக்கொண்டதால் மேர்சி பாடினாள். இரண்டாவது அடியில் கிற்றார் கோர்ட் மாறியது. அவள் மாறவில்லை. பழைய சுதியிலேயே நின்று, பிழை என்று உணர்ந்து, தேடி, வேறெங்கோ போய் விழுந்தாள். முன்வரிசையில் ஒரு சிறுமி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பும் மேர்சிக்குக் கேட்கவில்லை. தாய்க்காரி பிள்ளையின் வாயைப் பொத்தியதைக் கண்டாள். பாட்டை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக அவள் பாடவில்லை. ஆலயத்திலும் கீர்த்தனைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாயை மூடி நின்றாள். ஜெயராஜாவும் கிற்றாரைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தூசு தட்டுவதற்காக அதை எடுத்தவன், தந்திகள் தளர்ந்திருப்பதைக் கண்டு சுதி கூட்டினான். மேர்சி குசினிக்குள் முதுகைக் காட்டியபடி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன, கனநாளைக்குப் பிறகு?" என்றாள் திரும்பாமலே.

அவன் கை நின்றது. மெல்லிய தந்திகளைத் தட்டிப் பார்த்தான். அவள் பேசாமல் மீனைக் கழுவினாள். தடித்த தந்தியைத் தட்டினான். "ஓம், இப்பக் கேக்குது" என்றாள்.

அன்று முதல் கோர்ட்டோடு சேர்த்துத் தடித்த தந்தியை அழுத்தித் தட்டிப் பழகினான். ஒரு கிழமை கழித்து அவளைப் பக்கத்தில் இருத்திப் பாடச் சொன்னான். அவள் முதலில் மறுத்தாள். "எனக்காக வித்தை காட்ட வேணாம்" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லப் பாடினாள். ஒவ்வொரு மாற்றத்திலும் அரை அடி பிந்தினாள்.

"நீங்க மாறினத்துக்குப் பிறகுதானே எனக்குத் தெரியுது" என்றாள். "அதுக்குள்ள நான் பிழையாப் பாடிருவன்."

ஜெயராஜாவுக்கு அது விளங்கியது. அவன் வேலை செய்தது குருமண்வெளியில், ஆட்களையும் வண்டில்களையும் ஏற்றி, கயிறு இழுத்து வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவையில். பாதை கரையில் முட்டப்போவதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நிற்கிறவர்கள் விழுவார்கள். ஆனால் கிற்றாரில் அதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த மாதம் பாதையின் பலகைகள் உக்கிப்போனதால், டவுனிலிருந்து றோய் என்ற பறங்கித் தச்சன் வந்து வேலை செய்தான். ஜெயராஜாவின் வயதுதான். கலியாண வீடுகளில் பைலா ஆட்டத்துக்குக் கிற்றார் வாசிப்பவன் என்று கேள்விப்பட்டு, ஜெயராஜா மறுநாளே தன் கிற்றாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனான். சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னான். றோய் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு, "வாசி பாப்பம்" என்றான். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"மச்சான், நீ ஜீயில இருந்து சீக்குப் பாயிறாய். ஏன் பாயிறாய்? நடுவுல ரெண்டு படி கிடக்கு. நடந்து போ."

கிற்றாரை வாங்கி, ஜீ கோர்ட்டைத் தட்டினான். பிறகு தடித்த தந்திகளில் மட்டும் ஒவ்வொன்றாக: ஆறாம் தந்தியில் மூன்றாம் கட்டு, ஐந்தாம் தந்தி வெறுமனே, அதிலேயே இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு. நான்காவது ஒலி விழும்போது சீ கோர்ட் தானாக வந்து சேர்ந்தது.

"எந்த நேரத்துல நடக்கத் துவங்கிற?" என்று கேட்டான் ஜெயராஜா.

"அதுதான் கஷ்டம். மாற முந்தியே துவங்கணும். ஜீக்குச் சொந்தமான நேரத்துக்குள்ளயே ஜீயை விட்டிரணும். விட மனம் வராது. ஆனா விடணும்."

கயிறு இழுத்துக் காய்த்த விரல்களுக்கு அது இலேசில் வரவில்லை. தந்திகளில் நடந்தால் தாளம் நின்றது. தாளத்தைப் பிடித்தால் ஒரு படி தவறியது. இரண்டு மாதம் விடியற்காலையில், வேலைக்குப் போகுமுன் பழகினான். மேர்சி தேநீரோடு வந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் அவன் கேட்காமலே பாடத் தொடங்கினாள். ஜீயிலிருந்து அவன் விரல் கிளம்பியதும் அவள் கண்கள் அகன்றன. சீ வந்தபோது அவளும் அங்கே இருந்தாள்.

அவன் மறுபடி வாசித்தான். அவள் மறுபடி பாடினாள்.

அதற்குப் பிறகு வேலை இரண்டு பேருடையதாயிற்று. "இந்த இடத்துல இவ்வளவு படி வேணாம், ஒண்டு போதும், எனக்கு மூச்சு எடுக்கேலாம இரிக்கு" என்பாள். "இறங்கி வாற இடத்துல கொஞ்சம் அழுத்தித் தட்டுங்க" என்பாள். அவன் ஒவ்வொன்றாக மாற்றினான்.

மாசி மாத அறுவடை நன்றி ஆராதனைக்கு மேர்சி ஒரு பாட்டுப் பாடுவதாகப் போதகரிடம் தானே போய்ச் சொன்னாள். ஒத்திகையில் ஆர்மோனியம் வாசிக்கும் அழகரத்தினம் முகத்தைச் சுழித்தார். இருபது வருடமாக அந்த ஆலயத்தில் வாசிப்பவர்.

"ஜெயராஜா, இது கோயிலா, பைலா ஆடுற கலியாண வீடா? பாட்டுக்குக் கோர்ட் போட்டாக் காணும். நடுவுல என்ன அந்தத் துள்ளல்?"

ஜெயராஜா தலையைக் குனிந்தான். அவர் சொன்னது மேர்சிக்குக் கேட்கவில்லை; உதட்டிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணன், அந்தத் துள்ளல் இல்லாட்டி எனக்குப் பாட்டு எங்கால போகுதெண்டு தெரியாது. உங்களுக்குத் துள்ளல். எனக்கு அதுதான் வழி."

அழகரத்தினம் ஆர்மோனியத்தை மூடிவிட்டுப் போனார்.

ஆராதனை நடந்த ஞாயிறு ஆலயத்தில் நெற்கதிரும் பூசணியும் வாழைக்குலையும் பீடத்தடியில் குவிந்திருந்தன. மேர்சி பாடினாள். முதல் இரண்டு சரணமும் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில் ஜெயராஜாவின் விரல் தவறிற்று. படி விழவில்லை. பழையபடி தேடி விழுவாளோ என்று பார்த்தான். அவள் தேடவில்லை. இருந்த சுரத்திலேயே, அதை நீட்டியபடி நின்றாள். கண் அவன் கையில் இருந்தது. அவன் முதற்படியிலிருந்து மறுபடி நடந்தான். அவள் கூடவே ஏறினாள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் இரண்டு பேர் வந்து, அந்த நீட்டு அழகாக இருந்ததென்றார்கள். "பழகிப் பழகி வந்தது" என்று மேர்சி சிரிக்காமல் சொன்னாள். அழகரத்தினம் அவர்களைத் தாண்டிப் போனார்.

அடுத்த ஞாயிறு மேர்சி மூன்றாம் வாங்குவரிசையில், மற்றப் பெண்களோடு நின்றாள். சபையார் எல்லோரும் பாடும் கீர்த்தனை. வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தாள். காலால் மிதிக்கும் அந்தப் பெரிய ஆர்மோனியத்திலிருந்து, பாட்டு மாறுமிடத்தில், கனத்த ஒலிகள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தன. அவள் நிமிர்ந்தாள். அழகரத்தினம் யாரையும் பார்க்கவில்லை. இடது கை மட்டும் கட்டைகளின் அடிக்கோடிக்குப் போயிருந்தது. பழக்கமில்லாத கை; ஒன்றிரண்டு பிழையாகவும் விழுந்தது.

மேர்சி இரண்டாம் சரணத்திலிருந்து பாடினாள். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வரும்போது அவரைக் கண்டு நின்றாள். என்ன சொல்வதென்று யோசித்தாள். நன்றி சொன்னால் அந்த மனிதர் சங்கடப்படுவார்.

"அண்ணன்," என்றாள், "கடைசி அடியில கொஞ்சம் பிந்திட்டீங்க. ஒரு தட்டு முந்தி இறங்கணும்."

அழகரத்தினம் அவளை ஒரு கணம் பார்த்தார். அவளுக்குக் கேட்கும்படி குரலைக் கட்டையாக்கி, "எந்த அடி? பாடிக் காட்டு தங்கச்சி" என்றார்.