இடம் வலமாக ஒரு தெரு

அலமாரிக் கண்ணாடியின் மேல் ரோஸ்வீத்தா படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் ஓட்மார் விடியற்காலையில் இறந்துபோன வீட்டில் அவள் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. உயிர் போக வழிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தாயிற்று. பதினோரு மணிக்குப் பெட்டியோடு ஆட்கள் வருவார்கள்.

"நல்லா மூடியிருக்கா பாரு எல்ஸ்பெத். ஓரம் தெரிஞ்சாலும் வருஷத்துக்குள்ள இந்த வீட்டுல இன்னொரு சாவு விழும்."

"இந்த வீட்டுல இனிமே நான் ஒருத்திதானே," என்றாள் எல்ஸ்பெத்.

ரோஸ்வீத்தா விரிப்பின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். போதகரைப் பார்த்துவிட்டு, அடக்கத்துக்கு வருகிறவர்களுக்கு வழக்கப்படி கொடுக்கிற கேக்குக்குச் சொல்லிவிட்டு வருவதாகக் கிளம்பிப் போனாள்.

எல்ஸ்பெத் கட்டில் ஓரத்தில் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே சுவரில் அந்தப் படம். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பு எவனோ ஓர் ஊர்சுற்றி ஓவியன் இந்தக் குவெட்லின்பர்க் ஊருக்கு வந்து, இதே தெருவைப் பென்சிலால் வரைந்துவிட்டுப் போயிருந்தான். அச்சுக் கல்லில் ஏற்றுவதற்காக வரைந்தது, அச்சில் திரும்பி விழும் என்பதால் எல்லாமே இடம் வலமாக இருக்கும். சாயங்காலமானால் ஓட்மார் அதைக் கழற்றி, கண்ணாடிக்கு எதிரே பிடித்துக்கொண்டு நிற்பார். அப்போதுதான் தெரு சரியாகும்.

"எல்ஸ்பெத், இங்க வாயேன். ஒரு நிமிஷம் பாரு."

"அடுப்புல கிழங்கு வேகுது."

முப்பத்தெட்டு வருஷமாக இதே பேச்சுதான். கிழங்கு இல்லாவிட்டால் துவைக்கிற துணி. அந்தப் பென்சில் கிறுக்கலில் அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது என்பது அவள் நினைப்பு. தெருவைப் பார்க்க ஜன்னல் போதாதா? நேற்றும் கூப்பிட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று கூப்பிட்டார். "நாளைக்குப் பாத்துக்கலாம், போய்ப் படுங்க," என்று விரட்டினாள். அப்படிச் சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

அவரை எடுத்துக்கொண்டு போவதற்குள் பார்த்துவிட வேண்டும். போன பிறகு பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன?

விரிப்பை இழுத்துத் தரையில் போட்டாள். வருகிற சாவு வரட்டும். படத்தைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கண்ணாடியை ஒட்டி நின்றாள்.

தெரு அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது. ரொட்டிக் கடை இடப்பக்கம், கிணறு வலப்பக்கம். கூரை விளிம்புகளுக்கு அடியில் ஓவியன் பென்சிலை அழுத்தித் தேய்த்திருந்தான். மேலே போகப் போகக் கை லேசாகி, தேவாலயக் கோபுரம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கல் பாவிய தரையைப் பாதி வரையாமலே விட்டிருந்தான். "அவன் தொடாம விட்ட இடத்துலதான் வெயிலே இருக்கு," என்று ஓட்மார் அடுக்களைவரை கேட்கும்படி சொல்வார். உண்மைதான், வெறும் தாளில் வெயில் அடித்தது.

அவர் எதைக் காட்டக் கூப்பிட்டார் என்று அவள் தேடினாள். தன் வீட்டு ஜன்னல், வாசல், படி எல்லாம் தேடினாள். ஒளித்து வைத்தது ஒன்றுமில்லை. ஓர் ஆள்கூட இல்லை. அவள் தினமும் பால் வாங்கப் போய்வருகிற தெருதான். இதில் தனியாக அவளுக்குக் காட்ட அவரிடம் எதுவும் இருந்திருக்க முடியாது. பக்கத்தில் வந்து நிற்கத்தான் கூப்பிட்டிருக்கிறார் மனுஷன். அதைச் சொல்லத் தெரியாமல் தெருவைச் சொல்லியிருக்கிறார்.

கண்ணாடியில் அவள் தோளுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது, தலையணையில் அவர் முகம் தெரிந்தது.

கதவைத் தட்டினார்கள். "அம்மா, பெட்டி கொண்டாந்திருக்கோம். உள்ள வரலாமா?"

எல்ஸ்பெத் திரும்பவில்லை.

"கொஞ்சம் இருங்க," என்றாள். "நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்."

வெளியே படிக்கட்டில் பெட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.