நடுக்கோட்டை விட்டு அசையாத புள்ளிகள்

மூன்று வாரத்து அளவுச் சார்ட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் நிறுத்திப் பார்த்தபோதுதான் தரப் பரிசோதகிக்குச் சந்தேகம் தட்டியது. காலை ஷிப்டின் புள்ளிகள் குடிகாரன் நடை நடந்தன. ஏறின, இறங்கின, வாரத்துக்கு ஒருமுறையாவது எல்லையான சிவப்புக் கோட்டைத் தாண்டி எல்லோருக்கும் திட்டு வாங்கிக் கொடுத்தன. அதே மெஷின், அதே இரும்பு. மதிய ஷிப்டில் மட்டும் புள்ளிகள் சரியான அளவைக் காட்டும் பச்சை நடுக்கோட்டை விட்டு அசையவே இல்லை, இஸ்திரி போட்ட மாதிரி. இரும்புப் பின்களை இழைத்து இழைத்துத் தானும் தேய்ந்த கிரைண்டிங் மெஷினுக்கு மத்தியானம் இரண்டு மணி அடித்ததும் ஞானம் பிறந்துவிடுமா என்ன?

மதிய ஷிப்டில் அதை ஓட்டுகிறவன் அவளுடைய கொழுந்தன். ஆறு மாதத் தற்காலிக வேலை. மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டது அவள்தான். அந்த ஆறு மாதம் இன்றோடு முடிகிறது. மேனேஜருக்கு அவன் சார்ட்டைப் பார்த்து வாயெல்லாம் பல். நிரந்தரம் செய்துவிடலாம், நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டு ஐந்து மணிக்குள் தாளை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலையில் அவள் கிளம்பும்போது அவன் மனைவி வாசல்வரை வந்து, நல்ல சேதியோடு வாங்கக்கா என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. வெறுங்கையோடு போய் அந்த முகத்தில் எப்படி விழிப்பது?

தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அவளுக்கும் தெரியும். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம், ஆனால் வீட்டுக்குப் போனால் அந்தக் குணம் செருப்போடு வாசலில் நின்றுவிடுவதில்லை. இப்போது யோசித்தால் எல்லாமே இடித்தது. முதலில் ஷிப்டுக்கு மூன்று தடவை அவளுக்குப் போன் செய்துகொண்டிருந்தவன் ஏன் திடீரென்று நிறுத்தினான்? வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால், கேள்வி முடியும் முன்னே ஏன் பதில் சொல்கிறான்? நேற்று அவள் தட்டைக் கழுவி வைத்தானே, அது எதற்கு?

திருட்டுத்தனம் செய்ய வழியும் அதிகமில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு பின்னை எடுத்து, அளவுக் கருவியின் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்துப் பொத்தானை அழுத்தினால், அளவு ஒயர் வழியாக சாஃப்ட்வேருக்கு ஏறித் தானே புள்ளியாக விழும். கையால் எண்ணைத் தட்ட முடியாது. அப்படியானால் ஒன்றுதான். நல்ல பின் ஒன்றை எங்கேயோ ஒளித்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப அளக்கிறான். அந்தப் பின்கள் போய்ச் சேருவது பஸ்களின் ஸ்டியரிங்கில்.

மூன்று மணிக்கு அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவன் இழுப்பறையைத் திறந்தாள். எண்ணெய்த் துணி, சீப்பு, மகளின் உடைந்த பொம்மையும் அதை ஒட்ட ஒரு பசைக் குழாயும். பின் இல்லை. துணியை உதறிக்கூடப் பார்த்தாள். அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை, அடுக்கியிருந்த பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அவன் வந்தான். மெஷினிலிருந்து அப்போதுதான் விழுந்த சூடான பின்னை எடுத்துத் துடைத்தான். ஒளிவு மறைவே இல்லை. அவளுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. கருவியில் வைத்தான், திரையைப் பார்த்தான். பொத்தானை அழுத்தவில்லை. இரண்டு விரலால் பின்னைக் கொஞ்சம் உருட்டினான். திரையைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் உருட்டினான். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல அவ்வளவு பொறுமை. பிறகு அழுத்தினான். புள்ளி நடுக்கோட்டில் போய் உட்கார்ந்தது.

அவள் வெளியே வந்து, அந்தப் பின்னை வாங்கித் தானே கருவியில் வைத்தாள். நடுக்கோட்டிலிருந்து ஒரு மைக்ரான் விலகல், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கால் வட்டம் உருட்டினாள். ஏழு. சிவப்புக் கோடு ஆறில் இருக்கிறது. இன்னொரு கால் வட்டம், மறுபடியும் ஒன்று. உருண்டையாக இருக்கவேண்டியது முட்டையாக இருந்தது. காலை ஷிப்டின் குடிகார நடைக்கும் காரணம் அதுதான். அவர்கள் கைக்கு வந்தபடி வைத்து அளந்திருக்கிறார்கள், இவன் தேடி அளந்திருக்கிறான்.

"எத்தன நாளா இப்படி?" என்று கேட்டாள்.

தொழிற்சாலைக்குள் அவளை மேடம் என்றுதான் அழைப்பான். இப்போது அதை மறந்துவிட்டான்.

"நீங்க சொன்னதுலேர்ந்துதான் அண்ணி. சிவப்பு வந்தா காரணம் எழுதுன்னு கட்டம் வருதே, எனக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல. உங்களுக்குப் போன் போட்டேன். திருப்பிப் பிடிச்சு சரியா அளந்து பாருங்க தம்பின்னீங்க. திருப்பினேன், சரியா வந்துச்சு."

பழியை நைசாக என் தலையில் கட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். சாஃப்ட்வேர் பொய் சொல்லாது. அங்கேயே நின்று பழைய பதிவுகளைத் திறந்து, மூன்று வாரம் பின்னால் போனாள். புள்ளிகள் நேராவதற்கு முந்தின கடைசிச் சிவப்பு. அதற்கு எதிரே, சிவப்பு அளவு நீக்கப்பட்டது, மறு அளவு ஏற்கப்பட்டது, அனுமதி அளித்தவர் என்று போட்டுப் பக்கத்தில் ஒரு பணியாளர் எண். அவளுடைய எண். அன்று மீட்டிங்கில் இருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு லேப்டாப்பில் எதையோ தட்டிவிட்டது மங்கலாக ஞாபகம் வந்தது. இன்று அவனைப் பார்த்த கண்ணால் ஒருநாள்கூடத் தன்னைப் பார்த்ததில்லை.

"தப்பா செஞ்சுட்டேனா அண்ணி?"

அவள் பின்னை மறுபடி கருவியில் வைத்து, ஏழு காட்டும் இடத்துக்கு உருட்டினாள். பொத்தானை அழுத்தினாள். மூன்று வாரத்து நேர்கோட்டின் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி துள்ளி ஏறியது. காரணம் எழுதுக என்று கட்டம் விரிந்தது. அவள் விரல்கள் விசைப்பலகைமேல் போய் நின்றன. அவன் திரையைப் பார்க்கவில்லை, அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டத்துக்குள் சின்னக் கோடு ஒன்று மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது. பின்னால் மெஷினை நிறுத்த இருவருக்குமே தோன்றவில்லை. தட்டில் ஒவ்வொன்றாகப் பின்கள் விழுந்துகொண்டிருந்தன.