தவறாகச் சொன்ன பெயர்

எஜமான் ஹெல்வியஸுக்கு ரோம் நகரத்தின்மேல் உயிர். ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் பெயர்கூட அவருக்கு நினைவில் நிற்காது. அதற்காகத்தான் ஃபிலோ இருந்தான். தெருவில் யார் எதிரே வந்தாலும் எஜமானின் தோளுக்குப் பின்னால் நின்று பெயரைக் காதில் ஓதும் அடிமை. முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அந்தத் திமிரும் அவனுக்குக் கொஞ்சம் உண்டு.

ஃபிலோ சொல்லாமலே எஜமானுக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று: தளபதி மார்சியஸ். சிறுவயதில் ஒரே வாத்தியாரிடம் சேர்ந்து அடிவாங்கியவர்கள். அந்த மார்சியஸுக்கு இப்போது கிரீடத்தின்மேல் ஆசை வந்துவிட்டது. ரோமில் அரசன் என்பது கெட்ட வார்த்தை. செனட்டர்கள் பதினொரு பேர் ஹெல்வியஸின் வீட்டு விருந்தில் கூடி, தளபதியைத் தீர்த்துக்கட்ட முடிவுசெய்தார்கள். ஹெல்வியஸ் அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் சைகை. விருந்தாளிகளின் பெயர் சொல்ல நின்றிருந்த ஃபிலோ எல்லாவற்றையும் கேட்டான். அடிமைக்கும் காது உண்டென்பது பெரிய மனிதர்களுக்கு ஏனோ மறந்துவிடுகிறது.

மறுநாள் காலை ஃபிலோ எஜமானின் மேலங்கி மடிப்பைச் சரிசெய்தான்.

"நாட்டுக்காகடா, ஃபிலோ."

"நான் ஒண்ணும் கேக்கலையே, எஜமான்."

"உன் மூஞ்சி கேக்குது."

செனட் படிக்கட்டில் மார்சியஸ் பல்லக்கிலிருந்து இறங்கினார். கைகளை விரித்துக்கொண்டே வந்தார்.

"என்னடா இப்படி வெளுத்துப் போயிருக்கே? நேத்தும் அத்திப்பழத்த அளவில்லாம தின்னியா?"

பதினொரு கைகள் கத்தியைத் தேடி அங்கிக்குள் போயின. ரோமை யார் யாரோ பார்த்துக்கொள்வார்கள். ஃபிலோ முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டது இந்த ஒரு மனிதரை. நண்பனைக் கொன்றுவிட்டு இவர் ஒருவாய் சோறு தின்னமாட்டார். அவன் குனிந்து காதில் சொன்னான்:

"கானினியஸ், எஜமான். எண்ணெய் வியாபாரி."

ஹெல்வியஸ் திரும்பி அவனைப் பார்த்தார். பிறகு மார்சியஸ் பக்கம் திரும்பினார்.

"வாங்க, கானினியஸ்," என்றார் சத்தமாக. "எண்ணெய் வியாபாரமெல்லாம் எப்படிப் போகுது?"

மார்சியஸின் விரிந்த கைகள் மெல்ல இறங்கின. சைகை வராததால் பதினொரு கைகளும் அங்கிக்குள்ளேயே நின்றன. மார்சியஸ் பல்லக்கில் ஏறி வந்த வழியே போய்விட்டார்.

"முப்பது வருஷத்துல மொதல் தப்பு," என்றார் ஹெல்வியஸ், வீடு திரும்பும் வழியில்.

"வயசாயிடுச்சு, எஜமான்."

"எனக்குந்தான்டா."

ஒரே மாதத்தில் மார்சியஸ் அரசரானார். சதி வெளியே வந்தது. கொல்லப்பட வேண்டியவர்கள் பட்டியலில் முதல் பெயர் ஹெல்வியஸ். அவர் குளித்து, நல்ல அங்கி உடுத்தி, வீரர்களுக்காக முற்றத்தில் காத்திருந்தார். ஃபிலோ பக்கத்திலேயே நின்றான். வந்தது அரண்மனை எழுத்தர் ஒருவர் மட்டும்.

"பதினொரு பேருக்கும் கதை முடிஞ்சுது. உங்க பேர ராஜாவே அடிச்சிட்டார்."

"ஏதாவது சொன்னானா?"

"'இப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியவே தெரியாது'ன்னு சொன்னார்."

எழுத்தர் போனபின் ஹெல்வியஸ் குழந்தைபோல் விம்மி அழுதார். ஃபிலோ அவருக்கு முகம் துடைத்துவிட்டான். அவனுக்கும் அடக்க முடியவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்:

"அந்தப் பதினொரு பேர் யார் யாருடா? சொல்லு."

ஃபிலோ ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒரு பெயர்கூடப் பிசகவில்லை.