பென்சில் கோடு

இறந்துபோன அப்பாவைக் குளிப்பாட்ட, நீர்மாலைச் சடங்குக்குத் தண்ணீர் கொண்டுவரக் குடம் எடுத்துப் போனவர்கள் தெருமுனை திரும்புவதற்குள், வாசலில் சர்க்கார் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் கம்பவுண்டர் இப்ராஹீம். கூடத்தில் கிடத்தியிருந்த அம்பலவாணனின் உடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். பிறகு மகள் சண்முகசுந்தரியை அடுக்களைப் பக்கம் வரச்சொல்லித் தலையசைத்தார்.

"தங்கச்சி, இந்த நேரத்துல கேக்கப்பிடாதுதான். அந்தப் பேப்பர்ல அப்பா கையெழுத்துப் போட்டுட்டாவளா?"

எந்தப் பேப்பர் என்று அவளுக்குத் தெரியாதா? மூன்று மாதமாக அந்த வீட்டில் அதுதானே பேச்சு. மெட்ராஸிலிருந்து வந்த காசநோய் ஆராய்ச்சிக்காரர்கள், சங்கரன்கோவிலில் இருமுகிற அறுபது பேரைக் குறித்து வைத்திருந்தார்கள். பாதிப் பேருக்குப் பழைய ஊசி, பாதிப் பேருக்குப் புது மாத்திரை. எதற்கு நோய் நன்றாகக் கேட்கிறது என்று ஒரு வருஷம் பார்ப்பார்கள். சர்க்கார் பணத்தில் நடப்பதால் மேலே ஒரு கமிட்டி இருந்தது. அவர்களிடம் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர் ஒருவர், நோயாளிகளுக்கான சம்மதக் காகிதத்தைப் படித்து, ஜனங்களிடம் எதையும் மறைக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கலாம் என்றது அது.

தேவஸ்தான ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து, ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கடுதாசியைத் திருப்பி அனுப்பிய மனுஷரை இதற்குப் பிடித்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்! 'ரத்தம் எடுப்பதை ஏன் எழுதவில்லை?' என்று ஒருமுறை திருப்பினார். 'நடுவில் விலக நினைத்தால் விடுவீர்களா?' என்று மறுமுறை. இரண்டையும் திருத்தி, மூன்றாவதாக வந்த காகிதம் அவர் மேஜைமேல் கிடந்தது.

இதில் கூத்து என்னவென்றால், அந்த அறுபது பேரில் ஒருவன் அவர் மகன் சங்கரசுப்பு.

முந்தாநாள் சண்முகசுந்தரி பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டாள். "பெத்த பிள்ள ரத்தமாத் துப்புதான். நீங்க பேப்பர்ல கோடு போட்டுட்டு இருக்கிய! கல்லு மனசாப்பா ஒங்களுக்கு?"

அவர் பென்சிலைத்தான் கேட்டார். அவரிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

காகிதத்தை எடுத்துவந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

இப்ராஹீம் தலையில் கைவைத்தார். "வேற ஆளப் பிடிச்சி மொதல்லருந்து ஆரம்பிக்க ரெண்டு மாசம் ஆவும். சங்கரசுப்பு தாங்குவானா, நீயே சொல்லு." குரலைத் தாழ்த்தினார். "அப்பாவுக்குக் கை நடுங்குதுன்னு ரிஜிஸ்தர் தபாலுக்கெல்லாம் நீதானே அவுக கையெழுத்தப் போடுவ? முந்தாநா தேதி போட்டுரு. நாளைக்கே மருந்து குடுத்துரலாம்."

கெட்ட மனுஷர் இல்லை. தம்பி மயங்கி விழுந்த அன்று சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடியவர். அவள் பேனாவைத் திறந்தாள்.

தெருவில் சங்குச் சத்தம் கேட்டது. குடத்தோடு திரும்பிய சங்கரசுப்பு வாசலில் நின்று இருமினான். குடத்துத் தண்ணீர் பாதி சட்டையில்லாத முதுகில் வழிந்தது. அவள் அவசரமாகக் குனிந்தாள். அப்போதுதான் ஓரத்தில் நடுங்கிய பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. 'வருஷம் முடிந்த பின்பும் நோய் தீராதவனுக்கு மருந்து யார் கொடுப்பது?'

கல் மனசுக்காரர் கேட்கிற கேள்வியா இது? வருஷம் கழிந்தும் மகன் இருக்க வேண்டும் என்று தவித்தவர் கேட்டது. பாவி, அவரைப் போய் அப்படிச் சொன்னேனே என்று அவளுக்கு அழுகை முட்டியது. பேனாவை மூடினாள்.

"இதுக்குப் பதில் வரலையே அண்ணாச்சி. டாக்டர் எழுதித் தரட்டும்."

"டாக்டர் கோவிச்சுக்கிடுவாரு தங்கச்சி."

"கோவிச்சுக்கிடட்டும்."

காகிதத்தை வாங்கிக்கொண்டு இப்ராஹீம் ஜீப்பில் போனார். பத்து மணிக்கு அப்பாவையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் வீட்டைக் கழுவிவிட்டாள். தம்பிக்கு நானே எமனாகிவிட்டேனோ என்று வாளிக்கு வாளி பயந்தாள்.

மத்தியானம், ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் பெருமாள்சாமியே வந்துவிட்டார். கடுகடுத்த முகத்தோடு பென்சில் எழுத்தைக் காட்டினார்.

"இது நீங்க கேட்டதா?"

"கேட்டது அப்பா. பதில் கேக்கது நான்."

அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு முகம் இளகியது. "எங்க யாருக்குமே இது தோணலம்மா. மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டுச் சண்டை பிடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்." ஜீப் படியில் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினார். 'நோய் தீராதவர்களுக்குத் தீரும்வரை சர்க்கார் செலவில் மருந்து தரப்படும்.' அடியில் கையெழுத்தும் போட்டார். "அப்பா இடத்துல நீங்க இருக்கலாம்னு கமிட்டி சொல்லிருச்சு. உங்க பேர்லயே போடுங்க. காலைல தொடங்கிரலாம்."

"வாசிச்சுட்டுப் போடுதேன். நீங்க செத்த நேரம் இருங்க," என்றாள் சண்முகசுந்தரி.

மயானத்திலிருந்து சங்கரசுப்பு மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வந்தான். அவனை எதிரே உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தாள். நடுவில் அவன் இருமினான். அடங்கும்வரை காத்திருந்தாள்.

"போதும்க்கா, கையெழுத்தப் போடு."

"இருல. ஒனக்கு வெளங்குச்சா?"

அவன் யோசித்தான். "வேண்டாம்னா விலகிக்கிடலாம்னு என்னமோ வந்துச்சே, அத இன்னொருக்க வாசி."

அவள் விரலை நாலு வரி மேலே கொண்டுபோனாள். அந்த வரியின் அடியில் அப்பாவின் பென்சில் கோடு கோணல்மாணலாக ஓடியிருந்தது.